படைக்காத சேலை

அந்தச் சத்தம் சுவருக்கு அந்தப் பக்கமிருந்து வரும். வசந்தாமணிக்கு அப்போது முப்பது நடந்துகொண்டிருந்தது. ஜாதகத்தில் செவ்வாய் உட்கார்ந்த இடம் சரியில்லையென்று வந்த வரன் எல்லாம் தட்டிப்போக, அண்ணன் வீட்டில் இருந்துகொண்டு பள்ளிக்கூடத்துக்குப் போய்வந்த காலம். சனிக்கிழமை மத்தியானங்களில் விடைத்தாள் திருத்த உட்கார்ந்தால் அடுத்த வீட்டில் தையல் மெஷின் ஓடத் தொடங்கும். இரண்டு விதமாக ஓடும். பாவாடைக்கோ தலையணை உறைக்கோ ஓரம் அடிக்கும்போது சீராகப் போகும், நிற்கும், திரும்பிச் சீராகப் போகும். ஊரில் எல்லார் வீட்டு மெஷினும் அப்படித்தான். இன்னொரு விதம், துணியில் பூ போடும்போது. அப்போது நிற்காமல் ஓடும், ஆனால் சீராக ஓடாது. வேகமெடுக்கும், தயங்கும், எதையோ நினைத்துக்கொண்டு மெதுவாகும், மறுபடி ஓட்டம் பிடிக்கும், வேலை செய்துகொண்டே வாய்க்குள் பாடுகிறவளைப்போல. நடுவில் ஓர் ஆண்குரல் என்னவோ கேட்கும். மெஷின் நிற்கும். இரண்டு பேர் சிரிப்பார்கள். மெஷின் மறுபடி புறப்படும். வசந்தாமணி சிவப்பு மசிப் பேனாவை மூடாமல் பிடித்தபடி கேட்டுக்கொண்டிருப்பாள். தாளில் ஒரு பொட்டு விழுந்து ஊறிப் பெரிதாகிக்கொண்டிருக்கும். அதே சத்தம்தான் இப்போது அவள் காலடியிலிருந்து வருகிறது. அதே மெஷின். சுவருக்கு இந்தப் பக்கம். சிரிப்பு மட்டும் இல்லை.

சாப்பாடு முடிந்து, பாத்திரங்களைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு வந்து உட்கார்ந்தவள், நாலு மணிக்குக் காப்பி போட எழுந்திருப்பதற்குள் முடித்துவிட வேண்டும். விடிந்தால் தாரணிக்குக் கனடா விமானம். கட்டிலின்மேல் பெட்டி வாயைத் திறந்துகொண்டு கிடக்கிறது. அதில் ஒரு பக்கம் இந்தப் போர்வைக்கென்று காலியாக விட்டிருக்கிறாள். ஊருக்கு வந்த மறுநாளே கேட்டுவிட்டாள். “சித்தி, அம்மா சேலையெல்லாம் பீரோவுல சும்மாதானுங்க கெடக்குது. சதுரஞ் சதுரமா வெட்டி ஒட்டுப்போட்டு ஒரு போர்வை தெச்சுக் குடுங்க. அம்மா மெஷின்லயே தெச்சிருங்க, அப்பத்தான் அம்மா தெச்ச மாதிரி இருக்கும்.” அம்மா தெச்ச மாதிரி. வசந்தாமணி அந்த மூன்று வார்த்தையை நெஞ்சில் குத்திய முள்ளாகச் சுமந்துகொண்டு, பீரோவைத் திறந்து, நாப்தலின் உருண்டை மணக்கிற சேலைகளை ஒவ்வொன்றாக எடுத்தாள். பச்சைக் கட்டம் போட்ட நெகமத்துச் சேலை. மசி நீலத்தில் ஒரு வாயில் சேலை. மாம்பழ மஞ்சள். கூறைப்பட்டு, அரக்குச் சிவப்பு, மடிப்பு மாற்றாமல் வைத்ததால் மடிப்பு மடிப்பாக வெளுத்தது. கேட்டதில் தப்பில்லை. பெற்றவள் சேலையைப் பிள்ளை கேட்காமல் யார் கேட்பார்கள்? “என்ற சேலையும் ஒண்ணு வெக்கட்டுமா கண்ணு?” நாக்கு நுனி வரை வந்தது. கேட்டிருந்தால், “ஐயோ, தாராளமா வெய்யுங்க சித்தி” என்றிருப்பாள். அந்தத் தாராளம் வேண்டியிருக்கவில்லை. மூன்று வயதில் இடுப்பில் ஏறியவள், ஜுரம் வந்தால் இவள் தோளைக் கடித்துக்கொண்டு தூங்கியவள், பூப்பெய்திய அன்று பள்ளிக்கூடத்திலிருந்து அழுதுகொண்டு இவளிடம் ஓடிவந்தவள், இவள் வாயைத் திறக்காமலே, அவளாக ஒரு வார்த்தை கேட்டிருக்க வேண்டும். ‘உங்க சேலை எங்க சித்தி?’ அவ்வளவுதான். இரண்டு வாரமாக வெட்டும்போதும் ஒட்டும்போதும் கேட்பாள் கேட்பாள் என்று இருந்தாள். இன்னும் ஒரு மத்தியானம்தான் பாக்கி. தைக்காமல் மிச்சம் இருப்பது நடுச்சதுரம், அந்தக் கூறைப்பட்டு.

பூ போடுகிற இந்தத் தையலுக்கு மெஷினின் வேலையில் பாதியை அதனிடமிருந்து பிடுங்கிக்கொள்ள வேண்டும். துணியை அழுத்திப் பிடிக்கிற பாதத்தைக் கழற்றிவிட வேண்டும். துணியை முன்னால் இழுத்துப்போகிற பல்லை மூடிவிட வேண்டும். புது மெஷின்களில் பல்லைக் கீழே இறக்க ஒரு திருகு உண்டாம், இந்தப் பழையதில் கிடையாது, கெட்டி அட்டையில் ஊசி போகிற அளவு துளை போட்டுப் பல்லின்மேல் ஒட்டிவிடுவதுதான். அப்புறம் ஊசி நின்ற இடத்திலேயே ஏறி இறங்கிக்கொண்டிருக்கும். துணி எந்தப் பக்கம் போகவேண்டும் என்பது கை பாடு. கை முந்தினால் தையல் நீண்டு பல்லிளிக்கும், கால் முந்தினால் நூல் ஒரே இடத்தில் குவியும். அட்டைக்குத் தேடியபோது கையில் அகப்பட்டது தாரணியின் கல்யாணப் பத்திரிகை, மிஞ்சிப்போன கட்டிலிருந்து ஒன்று. நல்ல கெட்டி. வெட்டும்போது பார்க்கக் கூடாது என்றுதான் நினைத்தாள். நாச்சிமுத்து, அமரர் சுலோச்சனா ஆகியோரின் செல்வப் புதல்வி. வசந்தாமணி கீழே இருந்தாள், அத்தை மாமாக்களின் வரிசையில், சித்தி என்று. அச்சுக்குக் கொடுக்குமுன் வீட்டுக்காரர் நாச்சிமுத்து இவளிடம்தான் கொண்டுவந்து நீட்டினார். “செரியா இருக்குதா பாரு புள்ள.” தமிழ் டீச்சர் அல்லவா, பிழை பார்க்கத் தந்தார். பார்த்தாள். கூர்ந்துதான் பார்த்தாள். “பிழை ஒண்ணுமில்லீங்க” என்று திருப்பிக் கொடுத்தாள். அந்தக் கல்யாணத்துக்கு வந்தவர்களெல்லாம் சொன்னார்கள், தாரணி அப்படியே அவளம்மா சாயல் என்று. பதினெட்டு வயது வரை அவளுக்குத் தலைவாரிவிட்டவள் பக்கத்தில் சந்தனக் கிண்ணத்தோடு நின்றுகொண்டிருந்தாள். இப்போது எழுத்து கீழேயும் வெற்றுப்பக்கம் மேலேயுமாக அந்த அட்டை ஒட்டப்பட்டிருக்கிறது. ஊசி ஒவ்வொரு தடவையும் அதன் வழியாக இறங்கி ஏறுகிறது.

யாரும் இதை அவளுக்குச் சொல்லிக்கொடுக்கவில்லை. கல்யாணமாகி வந்தபோது மெஷின் மூலையில் ஒரு துணி போர்த்திக் கிடந்தது, உள்ளே யாரோ உட்கார்ந்திருக்கிற மாதிரி. வெகுநாள் அதன் பக்கம் போகவில்லை. தாரணியின் சீருடைப் பாவாடை அவிழ்ந்துபோன ஒருநாள்தான் துணியை விலக்கினாள். ஓரம் அடிக்க வந்துவிட்டது. பூ போடக் காதால் கற்றுக்கொண்டாள். அந்தச் சத்தம்தான் அவளுக்கு மனப்பாடம் ஆயிற்றே. பாதத்தைக் கழற்றினாள், ஊசி ஒடிந்தது, நூல் அறுந்தது. காதில் இருக்கிற சத்தமும் காலடியில் வருகிற சத்தமும் ஒன்றாகிற இடத்தைத் தேடித் தேடி மிதித்தாள். ஒரு மத்தியானம் கிடைத்துவிட்டது. துணியில் ஒரு கொடி தானாக வழிந்து ஓடிற்று. நிறுத்த மனமில்லாமல் ஓட்டிக்கொண்டே நிமிர்ந்தாள். அறை வாசலில் நாச்சிமுத்து நின்றார். உள்ளே தூங்கிக்கொண்டிருந்தவர், ஒரு கையில் வேட்டியைப் பிடித்துக்கொண்டு, தலை கலைந்து, ஓடிவந்து நின்றிருக்கிறார். அந்த முகத்தை அவள் அதற்குமுன் பார்த்ததில்லை. பிறகும் பார்த்ததில்லை. முதலிரவில் இல்லை, அவள் தலைமையாசிரியை ஆனபோது இல்லை, கர்ப்பப்பை எடுத்துவிட்டு ஆஸ்பத்திரியில் கண் விழித்தபோது இல்லை. ஒரு கணம்தான். அவர் அவளைப் பார்த்தார். முகம் கதவு சாத்திக்கொண்டது. ‘ஓ, நீயா’ என்றிருந்தாலாவது தேவலை. “காப்பி ஆச்சா புள்ள?” என்றார். நல்ல மனிதர். ஒருநாள் ஒருபொழுது போனவளையும் இவளையும் பக்கத்தில் வைத்துப் பேசியதில்லை. பேசியிருந்தால் சண்டை போட்டிருக்கலாம், கோபித்துக்கொண்டு அண்ணன் வீட்டுக்குப் போயிருக்கலாம், அடுத்த வீடுதானே, நாலு எட்டு. வாய் திறக்காத மனிதரோடு எதை வைத்துச் சண்டை போடுவது? அவருடைய ஒரு முகம் இந்த வாசல் வரை நடந்து வந்து, ஆளைத் தப்பாகப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போய்விட்டது என்று எந்தப் பஞ்சாயத்தில் சொல்ல?

அதற்கப்புறம் அவர் வீட்டில் இருக்கும்போது ஓரம் மட்டும்தான் அடித்தாள். பூ போடுவதெல்லாம் அவர் மில்லுக்குப் போனபிறகு. இந்த இரண்டு வாரத்தில்தான் வேறு வழியில்லாமல் போயிற்று. ஓய்வு பெற்ற மனிதர் எங்கே போவார்? கூடத்தில் நாற்காலியைப் போட்டுக்கொண்டு பேப்பர் படிக்கிறார். பேப்பர் புரளும் சத்தம் வருகிறதா என்று வசந்தாமணி ஒரு காதை அங்கே வைத்திருக்கிறாள். இவள் மிதிக்கத் தொடங்கினால் அது நின்றுவிடுகிறது. இவள் நிறுத்தினால் ஒரு பக்கம் புரள்கிறது. அவர் தலைக்கு மேலே சுலோச்சனாவின் படம். அதை நினைக்காமல் கைக்கு வேகம் வராதுபோலிருக்கிறது. கல்யாணக் கூட்டத்திலிருந்து தனியே பிரித்துப் பெரிதாக்கிய படம். ஸ்டுடியோக்காரன் தன் கைவரிசையைக் காட்டி மூக்குத்தியும் அட்டிகையும் எழுதி, கொண்டையைப் பெரிதாக்கி, கன்னத்துக்கு நிழல் கொடுத்து, ஒரு மணியகாரர் சம்சாரத்தைப்போல உட்காரவைத்துவிட்டான். கண் மட்டும் எங்கேயோ பார்க்கிறது. ஊரே அவளை மூத்தவள் என்கிறது. மூத்தவளுக்கு விளக்கு வை, மூத்தவளைக் கும்பிட்டுவிட்டுப் புறப்படு. கல்யாணத்துக்கு முந்தினநாள் அண்ணி கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள், “சுமங்கலியாப் போனவ. அவளுக்குப் படைச்சுப்போட்டுத்தான் நீ எதையும் உடுத்தோணும், மறந்துறாதே.” மறக்கவில்லை. தீபாவளிக்கு, பொங்கலுக்கு, தை அமாவாசைக்கு, எடுத்த சேலை எதுவானாலும் மஞ்சள் தடவி, பூ வைத்து, படத்துக்குக் கீழே வாழையிலையில் வைப்பார்கள். சாம்பிராணி காட்டுவார்கள். அவள் உடுத்தி முடிக்க நேரம் கொடுப்பதுபோல எல்லாரும் கொஞ்சம் வெளியே போய் நிற்பார்கள். பிறகு அதை எடுத்து வசந்தாமணி கட்டிக்கொள்வாள். எந்தச் சேலையும் அவள் இடுப்புக்குப் புதிதாக வந்ததில்லை. சாம்பிராணி மணத்தோடு, ஒருத்தி அவிழ்த்துப் போட்டதாகத்தான் வந்தது.

ஒன்றே ஒன்றைத் தவிர. கத்திரிப்பூ நிறத்தில் ஒரு கைத்தறி. தாரணியை ஒன்றாம் வகுப்பில் சேர்க்கிற அன்றைக்குக் கட்டிக்கொள்ள, பள்ளிக்கூடம் விட்டு வரும் வழியில் தானாகப் போய் எடுத்தாள். யாரிடமும் காட்டவில்லை. காலையில் கடைக் காகிதத்தைப் பிரித்து நேரே இடுப்பில் சுற்றிக்கொண்டாள். கஞ்சி மொடமொடப்பு அப்படியே இருந்தது. எவ்வளவு சந்தோஷமாக இருந்ததோ அவ்வளவு பயமாகவும் இருந்தது. படத்தைப் பார்க்காமல் கூடத்தைக் கடந்தாள். பள்ளிக்கூட வாசலில் தாரணி அதன் முந்தானையைப் பிடித்துக்கொண்டு விடமாட்டேனென்று அழுதாள். மூக்கையும் கண்ணையும் அதிலேயே துடைத்தாள். சாயங்காலம் குழந்தைக்கு ஜுரம். வெயிலில் நின்ற ஜுரம்தான், மாத்திரையில் இறங்கிவிட்டது. ஆனாலும் வசந்தாமணி கூடத்துக்குப் போய்ப் படத்தின் முன்னால் கற்பூரம் ஏற்றினாள். புள்ளையை விட்டுரு, என்னை என்ன வேணாலும் பண்ணு. பெற்ற தாய் தன் பிள்ளைக்கே கெடுதல் செய்வாளா என்று யோசிக்கிற புத்தி அப்போது இல்லை. ஆனால் சேலையை மட்டும் படைக்கவில்லை. அன்றைக்கும் இல்லை, அதற்கப்புறமும் இல்லை. பஞ்சாக நைந்து போகும்வரை கட்டினாள். போர்வையின் மூன்று அடுக்கில் நடு அடுக்குக்கு மெத்தென்று ஒரு துணி வேண்டும் என்றபோது, பழைய கம்பளி இருக்கிறது, கடையில் பஞ்சுத்தாள் விற்கிறது, அவள் டிரங்குப் பெட்டியின் அடியிலிருந்து அதை எடுத்து இரண்டாக மடித்து உள்ளே போட்டாள். மேலே மூத்தவளின் சேலைகள். கீழே வெள்ளைக் காடாத் துணி. நடுவில் யார் கண்ணிலும் படாமல் இவள். யாருக்கும் தெரியப்போவதில்லை. கனடாவில் பனி கொட்டும்போது சூடு எங்கிருந்து வருகிறதென்று போர்த்திக்கொள்கிறவளுக்கும் தெரியாது. இதை நினைத்து முதல்நாள் சிரிப்புக்கூட வந்தது. இப்போது வரவில்லை. ஒளிந்துகொண்டு கொடுப்பதில் என்ன கௌரவம் இருக்கிறது?

“பின்னுறீங்க போங்க சித்தி!”

தாரணி. தலையில் துண்டு சுற்றிக்கொண்டு, ஈரக்காலோடு வந்து தோளுக்குமேல் எட்டிப் பார்த்தாள். கால் நின்றது. கூடத்தில் பேப்பர் புரண்டது.

“மெதுவா, தண்ணி சொட்டுது துணி மேல.”

“எப்படிங்க சித்தி ஒரு கோடு கூட இன்னொண்ணை வெட்டாமப் போவுது? வழி தெரியாத ஆளு ஊரெல்லாஞ் சுத்துன மாதிரி இருக்குது, ஆனா முட்டிக்கல.” விரலால் தையலைத் தொடர்ந்துகொண்டே போனாள். “அம்மாவும் இப்படித்தான் போடுவாங்களா?”

“இன்னும் நல்லா.”

“உங்களுக்கு எப்படித் தெரியும்?”

“செவுத்துக்கு அந்தப் பக்கம் இருந்தனல்லோ. சத்தங் கேக்கும்.”

“குடுத்து வெச்சவீங்க நீங்க.” தாரணி துண்டை அவிழ்த்துத் தலையைத் துவட்டினாள். முகம் துண்டுக்குள் இருந்தது. “எனக்கு ஒண்ணுமே நாபகமில்ல. மூஞ்சியும் அந்தப் படந்தான். அம்மாவத் தெரிஞ்சவங்க எல்லாரு மேலயும் எனக்குப் பொறாமைங்க சித்தி, உங்க மேலயுந்தான்.” துண்டிலிருந்து வெளியே வந்தபோது சிரித்துக்கொண்டிருந்தாள். “அங்க பாருங்க, அப்பா. மெஷின் ஓடுனா மனுசன் அசையறதில்ல. ஒரே பக்கத்த மத்தியானத்துல இருந்து படிக்கறாரு. அது வெறும் டெண்டர் விளம்பரம்.”

“போய்த் தலையைக் காய வை. ராத்திரிப் பயணம் இருக்குது, சளி புடிச்சுக்கும்.”

போய்விட்டாள். வசந்தாமணி காலை மிதியில் வைத்தாள். ஒரே பக்கத்தை. மத்தியானத்திலிருந்து. அவளுக்கே தெரிந்த விஷயம்தான், இருந்தாலும் இன்னொருவர் வாயால் கேட்கும்போது அது சாட்சி சொன்ன மாதிரி ஆகிவிடுகிறது. அரக்குச் சிவப்பின்மேல் ஊசி இறங்கிற்று. இரண்டு விரற்கடை போவதற்குள் நூல் அறுந்தது. நிமிர்த்தி, கோத்து, அடிநூலை மேலே இழுத்து, மறுபடி ஓட்டினாள். இந்தச் சேலையில்தான் மூத்தவள் மணவறையில் உட்கார்ந்தாள். இந்தச் சேலையோடுதான் அவர் அவளை இந்த வீட்டுக்குள் கூட்டிவந்தார். வசந்தாமணிக்குக் கல்யாணம் கோயிலில் நடந்தது, காலை ஆறு மணிக்கு, எட்டுப் பேரோடு, இரண்டாந்தாரத்துக்கு மேளம் எதற்கென்று. இந்த மடிப்புகள் அவள் மடித்த மடிப்புகள். இந்தச் சத்தம் அவள் சத்தம். இத்தனை வருஷம் ஓட்டியும் இது என் சத்தமாகவில்லை. கூடத்தில் உட்கார்ந்திருக்கிற மனிதர் கண்ணை மூடிக்கொண்டிருப்பார். கண்ணை மூடிக்கொண்டால் போதுமே, மெஷினில் யார் இருக்கிறார்களென்று பார்க்கவேண்டாமே. நான் அவருக்கு அவள் சத்தத்தை வாசித்துக் காட்டுகிறேன், வாடகைக்கு வந்த நாதஸ்வரக்காரி. இந்தப் போர்வையைத் தாரணி முகத்தோடு சேர்த்து வைத்துக்கொண்டு அம்மா என்று சொல்லப்போகிறாள். கை வேகமாகப் போயிற்று. கால் அதைவிட வேகமாக. பட்டின்மேல் தையல் அழகாக, அதுவரை விழுந்ததிலெல்லாம் அழகாக விழுந்தது, சுற்றிச் சுற்றி, முட்டாமல், வெட்டாமல். எல்லாச் சத்தத்தையும் மனப்பாடம் செய்த காதுக்கு, அடியில் ஒரு கரகரப்பு சேர்ந்தது மட்டும் கேட்கவில்லை. சதுரத்தின் கடைசி மூலையில் மெஷின் மூச்சடைத்து நின்றது. ஊசி பாதியில் நின்றுவிட்டது. இழுத்தால் துணி வரவில்லை. சக்கரத்தைக் கையால் பின்னுக்குத் திருகி, விடுவித்து, போர்வையைக் குப்புறப் போட்டாள்.

வெள்ளைக் காடாவில் சதுரம் முழுக்க நூல் கூடு கட்டியிருந்தது. சுருள் சுருளாக, கொத்துக் கொத்தாக, கோழி கிளறிய நார் மாதிரி. தலை தூக்கி மெஷினைப் பார்த்தாள். பாதம் தூக்குகிற குச்சி மேலே நின்றது. நூல் கோக்கும்போது தூக்கியது, இறக்கவில்லை. பாதம் இருந்தால் மறக்காது, பாதம் அந்தரத்தில் தொங்குவது கண்ணில் படும். பாதமே இல்லாத தையலில் குச்சி மேலே இருப்பதும் கீழே இருப்பதும் பார்வைக்கு ஒன்றுதான். ஆனால் அது மேலே இருந்தால் மேல்நூலை ஒன்றும் பிடிப்பதில்லை. எவ்வளவு வேண்டுமானாலும் அவிழ்ந்து அடியில் போய்க் கொட்டுகிறது. மேலே பார்க்கிறவர்களுக்கு லட்சணமாக இருக்கும். பரவாயில்லை, பிரித்துவிடலாம். கொண்டை ஊசியை எடுத்துச் சுருள்களைத் தூக்கித் தூக்கி அறுத்தாள். நேரம் போகிறது. ஒரு முடிச்சு வரவில்லை. இழுத்தாள். சர்ரென்று ஒரு சின்னச் சத்தம் மேல்பக்கத்தில் கேட்டது. திருப்பிப் பார்க்கப் பயந்துகொண்டு கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தாள். திருப்பினாள். கூறைப்பட்டு மடிப்பு வாக்கில் இற்றுக் கிழிந்திருந்தது, ஒரு சாண் நீளத்துக்கு. கிழிசலின் இரண்டு உதடுக்கும் நடுவே கத்திரிப்பூ நிறம் தெரிந்தது.

வேண்டுமென்று செய்யவில்லை. யாரிடம் சொல்கிறோம்? வேண்டுமென்று செய்யவில்லை. ஆனால் குச்சியை இறக்க மறந்த அந்த நேரத்தில் மனசு எங்கே இருந்தது என்று யாராவது கேட்டால்? மற்ற சதுரங்களிலெல்லாம் மறக்காத கை இதில் மட்டும் ஏன் மறந்தது? வேறு துண்டு வைத்து மூடலாம். கூறைப்பட்டு பீரோவில் இன்னும் மிச்சம் இருக்கிறது. மூடிவிட்டால் தெரியாது. நாலு மணிக்குள் முடியுமா? இதற்கு நடுவில், வெட்கக்கேடு, இன்னொன்றும் இருந்தது. அந்தச் சிவப்பின் நடுவில் அந்தக் கத்திரிப்பூ நிறம் பார்க்க நன்றாக இருந்தது.

“ஏம்புள்ள நிறுத்திப்போட்டே?”

வாசலில் நாச்சிமுத்து. கையில் பேப்பர். சத்தம் கேட்டு வந்தவர் ஒருநாள் அந்த வாசலில் நின்றார். இன்றைக்குச் சத்தம் நின்றதற்கு வந்திருக்கிறார். அவர் உள்ளே வந்து, கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு, போர்வையின் அடிப்பக்கத்தைப் புரட்டினார். நூல் கூட்டைப் பார்த்தார். அப்புறம் சிரித்தார். தலையைப் பின்னால் சாய்த்துக்கொண்டு, வாய்விட்டு. வசந்தாமணிக்கு அந்தச் சிரிப்பைத் தெரியும். செங்கல் சுவர் வழியாகக் கேட்டது.

“குச்சிய எறக்கலியா? அட, இதேதான். அவளும் இதையேதான் பண்ணுவா. பாதத்தக் கழட்டுனா குச்சிய மறந்துருவா. மேல ரோசாப்பூ, அடியில காக்காக்கூடு. கட்டில்ல படுத்துட்டே கேப்பேன், ‘குச்சிய எறக்குனயா?’ன்னு. டக்குன்னு மெஷின் நிக்கும்.” இன்னும் சிரித்துக்கொண்டிருந்தார். “தெனமும் இதே கூத்து.”

அதுதானா? சனிக்கிழமை மத்தியானங்களில் மெஷினை நிறுத்திய ஆண்குரல் கேட்டது அதைத்தானா? முப்பது வயதில் சிவப்பு மசி ஊற ஊற, அங்கே என்ன பேசிக்கொள்கிறார்கள், என்ன பேசினால் ஒரு பெண் அப்படிச் சிரிப்பாள் என்று எத்தனை பேச்சை அவளாக எழுதிப் பார்த்திருக்கிறாள். குச்சியை இறக்கினாயா. அது ஒரு பக்கம். இன்னொரு பக்கம் நெஞ்சு பழையபடி எரிந்தது. சத்தம் அவளுடையது, சேலை அவளுடையது, சரி; இந்தத் தப்பாவது தன்னுடையது என்று பார்த்தால் அதையும் அவள் முன்னாடியே செய்து முடித்து, உடுத்திக் கழித்து வைத்துவிட்டுப் போயிருக்கிறாள்.

“எறக்கியிருந்தா அவளுங் கூடச் சிரிப்பா. கூட்டப் பாத்து நாஞ் சிரிச்சா அழுதுருவா,” என்றார் நாச்சிமுத்து. “சின்னப்புள்ளதானே. அழுதுட்டு உங்கிட்டத்தானே தூக்கிட்டு ஓடுவா, செவுத்துக்கு. மறந்துட்டயா?”

மறந்துதான் போயிருந்தது. எப்படி மறந்தது? துவைக்கிற கல்லின்மேல் ஏறி நின்றால்தான் அந்தப் பெண்ணுக்குச் சுவர் எட்டும். முதலில் இரண்டு கை தெரியும், கண்ணாடி வளையலோடு, அப்புறம் நெற்றி, அப்புறம் அழுது சிவந்த மூக்கு. ஒல்லிப் பெண். மூக்குத்தி குத்தவில்லை, அட்டிகை கிடையாது. இடுப்பில் தாரணி இருந்தால் அதையும் சேர்த்துத் தூக்கிக்கொண்டு ஏறும். துணியைச் சுவருக்கு மேலாக நீட்டும். “அக்கா, இதைக் கொஞ்சம் பிரிச்சுக் குடுங்கக்கா. அவுரு பாத்தாச் சிரிப்பாருங்க.” வசந்தாமணி விடைத்தாளை வைத்துவிட்டுக் கொண்டை ஊசியை உருவுவாள். அந்தப் பெண் மோவாயைச் சுவரில் வைத்துக்கொண்டு பார்த்துக்கொண்டிருக்கும். “உங்குளுக்குத்தானுங்கக்கா பொறுமை. எனக்கெல்லாம் வராது.” அக்கா. அவள்தான் இவளை அக்கா என்று கூப்பிட்டாள்.

“என்னாச்சு, ரெண்டு பேரும் பஞ்சாயத்தா?” தாரணி வந்துவிட்டாள். கிழிசலைப் பார்த்துவிட்டாள்.

“கிழிஞ்சுபோச்சு கண்ணு. குச்சிய எறக்காம ஓட்டிப்போட்டேன். இழுத்தேன், பட்டு தாங்கல. வேற துண்டு வெச்சு மூடித் தந்தர்றேன், ஒரு மணி நேரம்...”

தாரணி கட்டிலோரம் குந்தி, சுட்டுவிரலைக் கிழிசலுக்குள் விட்டாள். உள்ளே இருந்த துணியை விரலால் தேய்த்துப் பார்த்தாள். குனிந்து முகத்தை வைத்து மோந்தாள்.

“இது உங்குளுதுதானுங்க? ஸ்கூலுக்குக் கட்டிட்டு வருவீங்களே. கத்திரிக்காய்ச் சேலை.”

“உள்ளுக்கு மெத்துனு இருக்கட்டும்னு போட்டேன்.”

“எங்கிட்டச் சொல்லவேயில்ல.”

“நீ கேக்கவேயில்ல.”

சொல்லிவிட்டாள். இரண்டு வாரமாக அடக்கி வைத்தது, இவ்வளவு சுருக்கமாக வெளியே வந்து விழுந்துவிட்டது. நாச்சிமுத்து பேப்பரை மடித்தார், விரித்தார், காப்பியைப் பற்றி என்னவோ முனகிக்கொண்டு, தானே போடுவதாகச் சொல்லிச் சமையலறைப் பக்கம் நழுவினார். தாரணி விரலை எடுக்கவில்லை. முகம் கொஞ்சம் சிவந்திருந்தது, மூக்கு நுனி அதிகமாக.

“ஆமாங்க. கேக்கல,” என்றாள். கிழிசலின் ஓரத்தை நீவிப் பார்த்துவிட்டு, “மூடாதீங்க சித்தி. கிழிஞ்ச ஓரத்தை மட்டும் அடிச்சுக் குடுங்க, பிரியாம இருக்கோணும். இது இப்படியே தெரியட்டும்.”

“நல்லா இருக்காது கண்ணு. ஓட்டைப் போர்வைன்னு சிரிப்பாங்க.”

“சிரிக்கட்டும்.”

வசந்தாமணி சமையலறைப் பக்கம் காதை வைத்தாள். பால் பாத்திரம் அடுப்பில் உட்காரும் சத்தம், அதன்பிறகு ஒன்றுமில்லை. மனிதர் அங்கே நின்றுகொண்டு கேட்கக் காத்திருக்கிறார். யார் சத்தமாக வேண்டுமானாலும் வைத்துக் கேட்கட்டும். நெஞ்சில் எரிச்சல் தீர்ந்துவிட்டதா என்று தொட்டுப் பார்த்தாள். இருந்தது, ஓரத்தில், ஆனால் அதற்கு எதிரே உட்கார ஆள் இல்லை. மூக்குத்தியும் அட்டிகையும் போட்ட அந்தப் பெரிய பெண்மணியைத் தேடினால், மோவாயைச் சுவரில் வைத்துக்கொண்டு ஒரு பெண் நூல் பிரிபடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தது. துணியை ஊசிக்கு அடியில் வாகாக வைத்தாள். கத்திரிப்பூ நிறம் நடுவில் இருக்க, கிழிசலின் இரு கரையையும் விரலால் பிடித்தாள். குச்சியை இறக்கினாள். மிதித்தாள்.

சுலோச்சனா, வசந்தாமணிக்கு முப்பது நடந்த அந்த வருஷம் ஆடியில் மஞ்சள் காமாலை வந்து இறந்துபோனாள். அவளுக்கு இருபத்து நாலு வயது.